முன்கூட்டி விட்ட தண்ணீர்

அப்பா என் உள்ளங்கையில் எள்ளை வைத்ததைப் பார்த்ததும் ஐயர் பதறி எழுந்துவிட்டார்.

“தகப்பனார் இருக்கறச்சே பிள்ளை எள்ளைத் தொடப்படாது. தெரியாதா உமக்கு?”

அப்பாவுக்கா தெரியாது? ஆடி அமாவாசை தவறாமல் குற்றாலத்து அருவிக்கரையில் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவர். அன்றும் விட்டு முடித்து ஈர வேட்டியோடு எழுந்தவர்தான், என்னைப் பிடித்து அதே இடத்தில் உட்கார வைத்தார்.

“எனக்குத்தான் சாமி. எம் பேரைச் சொல்லி விடட்டும்.”

ஐயர் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் அப்பா அப்படித்தான். தீபாவளிக்கு ஆவணியிலேயே துணி எடுப்பார். தென்காசிக்கு ரயில் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஸ்டேஷனில் போய் நிற்பார். ஆனால் இதையுமா ஒரு மனிதர் முன்கூட்டியே முடித்து வைப்பார்?

எல்லாம் என் வேலையால் வந்தது.

கீழப்பாவூர் வயலை விற்று என்னை மெட்ராஸில் விமானம் ஓட்டப் படிக்க வைத்தார். லைசன்ஸ் வாங்கிவிட்டேன். வேலைதான் இல்லை. இங்கே ஒரு இடத்துக்கு இருபது பைலட்டுகள் நின்றார்கள். சண்டைக்காலத்தில் பறந்தவர்களே வீட்டில் சும்மா இருந்தார்கள்.

ஆப்பிரிக்காவில் நாடு நாடாகச் சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் விமானங்கள் நின்றன. ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டது. மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் லீவு கிடையாது, சாவுக்கும்கூட.

நான் ஒரே பிள்ளை. அப்பாவின் நெஞ்சுவலிக்கு டாக்டர் ஒரு வருஷத்துக்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை.

உங்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன்.  காலையில் அருவிக்குப் போவோம் என்று மட்டும் அப்பா சொன்னார்.

இப்போது எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

“ஏலே நம்பி, கொள்ளியப் பத்தித்தான ரோசிக்க? அதை எவனும் வைப்பான். தண்ணி நீதான் விடணும். அதை இப்பமே விட்டுட்டுப் போ.”

மந்திரத்தை அவரே வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார். தில்லைநாயகம் என்று தன் பெயர் வந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. என் குரல்தான் நடுங்கியது. வீட்டில் அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. 

கட்டைவிரல் வழியே தண்ணீரைச் சாய்த்தேன்.

அது தரையில் விழவில்லை. அப்பா இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தார். எள் மிதந்த அந்தத் தண்ணீரைக் குனிந்து குடித்தார். மறுபடியும் ஏந்தினார். மூன்றாவது தடவையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை தாகத்தோடு யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

எழுந்து போய் ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்தார்.

“அப்பா, போவோமா?”

திரும்பவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். குனிந்து முகத்துக்கு நேராகவும் கூப்பிட்டேன். அவர் கண் என்னைத் தாண்டி அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

துண்டைப் பிழிந்துகொண்டிருந்த ஒருவருக்கே பொறுக்கவில்லை. அப்பாவின் தோளைத் தொட்டார்.

“அண்ணாச்சி, உங்க மவன் கூப்பிடுதாருல்லா.”

அப்பா அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“எம் மவனா? அவன் ஆப்பிரிக்காவுல பிளேன் ஓட்டுதான்.”