மஞ்சள் தொப்பி

"வயசு?"

"அம்பத்தெட்டு" என்றார் லிப்ட்காரர், கூசாமல்.

நீச்சல் குளத்தின் டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தலைக்கு அடித்த சாயம் காதோரம் வழிந்திருந்தது. பச்சைப் பொய் என்று தெரிந்தும், தினமும் எழுதுவதைப் போலவே பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.

இந்தப் பொய்க்கு அவரை யார் தண்டிப்பது? அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று கவுண்டருக்கு மேலேயே போர்டு தொங்குகிறது. அறுபத்தொன்பது வயது மனிதர் அதற்கு நேர் கீழே நின்று முழுக் கட்டணத்தை நீட்டுகிறார்.

எல்லாம் ஒரு தொப்பியால் வந்தது. பாதி டிக்கெட் வாங்குகிறவர்கள் மஞ்சள் ரப்பர் தொப்பி மாட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். வயதானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று லைஃப்கார்டுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. நகராட்சி வாங்கிக் கொடுத்த பன்னிரண்டு தொப்பிகளும் மூன்று வருடமாகப் பிரிக்காத கவரில் அலமாரியில் கிடந்தன.

காலையில் வருகிறவர்கள் லிப்ட்காரரோடு சேர்த்துப் பன்னிரண்டு ஆண்கள், அப்புறம் டீச்சர். பதிவேட்டின்படி இந்த மூன்று வருடத்தில் ஒருவருக்கும் ஒரு வயதுகூட ஏறவில்லை.

டீச்சருக்கு ஐம்பத்திரண்டு இருக்கும் என்பது ஆண்களின் ஒருமித்த முடிவு. நீலத் தொப்பி, நிமிர்ந்த முதுகு, எல்லோருக்கும் ஒரு குட்மார்னிங். வேலை நாளில்கூட, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணி அடித்த பிறகு அவசரப்படாமல் இன்னும் நாலு சுற்று நீந்திவிட்டுத்தான் கரையேறுவார். அதுவரை மற்றவர்களுக்கும் வீடு ஞாபகம் வராது.

ஒருநாள் அவர் லிப்ட்காரரிடம், மல்லாந்து நீந்துவது உங்களுக்கு நன்றாக வருகிறது என்று சொல்லியிருந்தார். மனைவி போய் ஏழு வருடமான மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை ஆறு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்த வாரம் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒன்றாம் தேதி முதல் கட்டணம் இரட்டிப்பு. பாதிக் கட்டணச் சலுகை ரத்து.

லிப்ட்காரர் அதை இரண்டு தடவை படித்தார். முப்பத்தி நாலு வருடம் ஊருக்கெல்லாம் லிப்ட் ரிப்பேர் பார்த்தவர், குடியிருப்பது லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். இந்தத் தண்ணீர்தான் முழங்காலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியவர். இரட்டைக் கட்டணத்துக்குப் பென்ஷன் தாங்காது. மகளிடம் கேட்டால் கொடுப்பாள்தான், கேட்கத்தான் வாய் வராது.

கவுண்டர் பெண் ரகசியம் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு வருஷமா பாதி டிக்கெட் ஒண்ணுகூட போகலை சார். அதனால தேவையில்லைன்னு கமிட்டியில எழுதிட்டாங்க. சனிக்கிழமை கடைசியா கணக்கு கேப்பாங்க. அதுக்குள்ள ஒரே ஒரு டிக்கெட் போனாலும் சலுகையை எடுக்க முடியாது."

"அப்படியா? பாவம், வயசானவங்களுக்குக் கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

யாராவது ஒருவர் வாங்கினால் போதும், அந்த ஒருவர் தானாக இருக்கத் தேவையில்லை என்பது அவருடைய நம்பிக்கை. உடை மாற்றும் அறையில் லேசாகப் பேச்சை எடுத்துப் பார்த்தார். பல்செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர், அது பெரியவர்கள் பிரச்சினை, நமக்கெதற்கு என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

வியாழன் போனது. வெள்ளியும் போனது. அலமாரியில் கவர் பிரிக்கப்படாமலே இருந்தது.

சனிக்கிழமை காலை லிப்ட்காரர் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கவுண்டரில் தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாது என்று, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாகவே கிளம்பினார். நாற்பத்தெட்டு படியும் இறங்கி முடிக்கும்வரை, நாளையிலிருந்து டீச்சர் தன்னை 'பெரியவரே' என்று கூப்பிடப்போகிறார் என்ற ஒரே நினைப்புதான். அழுகை வராத குறை.

நல்லவேளை, கவுண்டரில் ஈ காக்கை இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கண்ணாடியில் இருந்த ஓட்டைக்குக் குனிந்தார்.

"அறுபத்தொன்பதும்மா. பாதி டிக்கெட் ஒண்ணு போடு."

அவள் ஆச்சரியப்படவில்லை. அட்டையை வாங்கிப் பார்த்தாள், பதிவேட்டில் எழுதினாள், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். லிப்ட்காரர் தலையைக் குனிந்தபடியே தொப்பிக்கும் கையை நீட்டினார்.

அவள் அலமாரியிலிருந்து கவரை எடுத்துத் தலைகீழாக உதறிக் காட்டினாள்.

"தீர்ந்துடுச்சு சார். கடைசித் தொப்பியை இப்பத்தான் டீச்சர் வாங்கிட்டுப் போனாங்க."