பிந்தி விழும் கால்

“பேய்க்குத்தான் காலே கிடையாதேம்மா, அப்புறம் நீ எதுக்கு அதுக்காக நடக்குற?”

போன வருஷம் ஒரு காலையில், பள்ளிக்குக் கிளம்பும்போது மகள் கேட்டது. ஆறு வயதுக் கேள்வி. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

படங்களில் நடப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கொடுப்பது அவள் தொழில். திரையில் ஆள் நடக்க, ஒலிக்கூடத்தில் பரப்பி வைத்த கல்லிலும் மணலிலும் மரப்பலகையிலும் அவள் நடப்பாள். கதாநாயகியின் செருப்பும் அவள்தான், போலீஸ்காரரின் பூட்ஸும் அவள்தான். அன்றைக்கு, செத்துப்போன ஒரு தாய் பிள்ளைகளைப் பார்க்க மரப்படி ஏறி வரும் காட்சி.

இப்போது அந்தக் கேள்வியை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

ஒலிக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் எல்லோரும் தொலைக்காட்சி முன் கூடியிருந்தார்கள். விருது விழா. யாருக்கு எது கிடைக்கும் என்று ஒரு மாதமாக எழுதி, அடித்து, சண்டை போட்டு, சுவரில் ஒட்டிய தாள் கிழியும் நிலைக்கு வந்திருந்தது.

“சிறந்த நடிகர் அந்தக் கிழவர்தான். எழுதி வெச்சுக்கோங்க” என்றார் எடிட்டர்.

பதினோரு வருஷமாக அவர் சொன்னது ஒன்றுகூடப் பலித்ததில்லை. அதனாலேயே அவருக்கு ஜோசியர் என்று பெயர்.

“ஐயோ பாவம், நல்லாத்தானே நடிச்சிருந்தாரு” என்று கணக்கர் உச்சுக்கொட்டினார்.

கிழவர் தோற்றார்.

“போகட்டும். சிறந்த ஒலி நம்ம படம்தான். அந்தப் படிக்கட்டுக் காலடி ஒண்ணு போதுமே!”

“யோவ், வாயக் கழுவுய்யா! அக்கா பொழப்புல மண்ணப் போடாத” என்று மிக்ஸிங் இன்ஜினியர் பாய்ந்தார்.

பொழப்புதான். ஒன்பது வருஷமாக அவள் தினக்கூலி. விருது வந்தால் நிரந்தரமாக்குகிறேன் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனால் அந்தக் காலடி அவளுடையது இல்லை.

படிக்கட்டுக் காட்சிக்கு நடக்க வேண்டிய அன்று மத்தியானம், மகளுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. காட்சியோ மாலைக்குள் போயாக வேண்டும். விட்டுவிட்டுப் போனால் மறுநாள் வேலை இருக்காது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவளைப் பார்த்தது அரைத்தாளம் அண்ணன் ஒருவர்தான்.

இருபது வருஷம் அதே பலகையில் நடந்தவர் அவர். முழங்கால் கெட்டு, இடது கால் ஓர் இமைப்பொழுது பிந்தி விழத் தொடங்கியதும், சத்தம் பிசகுகிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். பழகிய தோஷத்துக்கு எப்போதாவது எட்டிப் பார்ப்பார்.

“நீ கெளம்பும்மா, புள்ளையப் பாரு. படிய நான் ஏறிக்கிறேன். யாருகிட்டயும் மூச்சு விடாத.”

எல்லோரும் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் பதிவுக் கருவியைத் தாமே ஓடவிட்டு, தாமே நடந்து, தாமே அணைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இரண்டு மாதத்தில் உலகத்தை விட்டும் அப்படியே சத்தமில்லாமல் போனார்.

படம் வந்தது. உயிரில்லாத கால் இப்படித்தான் நடக்கும் என்று எழுதாத பத்திரிகை இல்லை. எந்தப் பிசகுக்காக அவரை அனுப்பினார்களோ, அந்தப் பிசகைத்தான் ஊரே கொண்டாடியது.

அன்றிலிருந்து அவள் பலகையில் நடக்கும்போதெல்லாம் பின்னால் இன்னொரு கால் விழுகிறது. ஓர் இமைப்பொழுது பிந்தி. அவள் நின்றால், அதுவும் மிச்சமிருக்கும் ஓர் அடியை வைத்துவிட்டு நிற்கிறது. பயமுறுத்துவதில்லை. காத்துக்கொண்டு நிற்கிறது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சிறந்த ஒலி...” என்றது தொலைக்காட்சி.

போட்டியில் இருந்த படங்களின் துண்டுகள் ஓடின. கடைசியாக அந்தப் படிக்கட்டு. டக். பிறகு, வந்தும் வராமலும், இன்னொரு டக். செத்தவர் படியேறிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெயர் வர வேண்டும், கடவுளே, அந்தப் பெயர் வர வேண்டும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பயப்படாதீங்கக்கா, வந்துரும்” என்றார் மிக்ஸிங் இன்ஜினியர்.

படத்தின் பெயரை வாசித்தார்கள். ஜோசியர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

பிறகு விருது பெறுபவரின் பெயரை வாசித்தார்கள். யாருக்கும் தெரியாத ஒரு பெயர்.

“யாருய்யா அது?”

கணக்கர்தான் மெல்லச் சொன்னார். “பழைய சம்பளப் பதிவுல பார்த்திருக்கேன். நம்ம அரைத்தாளத்தோட பேரு.”

அறை இரண்டுபட்டது. எவனோ பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டான் என்றார்கள். வழக்குப் போடலாம் என்றார்கள். ஜோசியர், தன் வாய்தான் காரணம் என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, நிரந்தரம் பற்றி அடுத்த வருஷம் பேசலாம் என்றார்.

“விடுங்க, போகட்டும்” என்றாள் அவள்.

பத்து நாளுக்கு முன்பு விருதுக் குழுவிடமிருந்து அவளுக்கு ஒரு படிவம் வந்திருந்தது. விருது கிடைத்தால் மேடையில் வாசிக்க வேண்டிய பெயரைச் சரிபார்த்து அனுப்பச் சொல்லி. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவள் அலுவலகக் கணினி முன் தனியாக உட்கார்ந்தாள். அச்சாகியிருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். மரண அறிவிப்பில் ஒரே ஒருமுறை வாசித்த பெயரை, ஒற்றை விரலால், பிழையில்லாமல் அடித்தாள்.

திருத்தத்துக்குக் காரணம் என்ன என்று கீழே ஒரு கட்டம் கேட்டது.

நடந்தவர் அவர், என்று எழுதி அனுப்பினாள்.