மானமுள்ள பாதி

தவளையை வெட்டினால் கேடயம் விழுந்தது.

பெரியப்பா கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்தார்.

"தவளை வயித்துக்குள்ள கேடயம். எந்த மகானுக்குத் தோணுச்சு இது?"

பின்னால் நின்ற அலுவலகத்துப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவரும் அவர் தம்பியும் சேர்ந்து செய்த வாள்சண்டை வீடியோ விளையாட்டுக்கு இன்று இரண்டாம் பாகம் வருகிறது. செய்தது தம்பி மகள். இன்னும் முழுதாக முடியவில்லை. பாதியிலேயே விற்றுவிட்டு, வாங்கியவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு மீதியை முடிப்பதாக ஏற்பாடு. ஏர்லி ஆக்சஸ் என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர்.

முதல் பாகத்தைத் திறந்தால் கறுப்புத் திரையில் அவருடைய அப்பாவின் பெயர் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் பாகத்திலும் அந்தப் பெயர் வரலாமா, கூடாதா என்று சொல்லத்தான் அவர் வந்திருந்தார். மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் பழைய ரசிகர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

உள்ளே வந்ததும் யாரையும் கேட்காமல் நேராக மூலை மேசைக்குப் போய் உட்கார்ந்திருந்தார். வேலையில் இருந்தவரை அதுதான் அவர் இடம். தம்பி மகள் பின்னாலேயே ஓடி வந்து, "பெரியப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

கையை உயர்த்தினார். "சாக்கெல்லாம் அப்புறம். மொதல்ல பாக்கறேன்."

கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார்.

தலைப்புத் திரைகூட இல்லை. எடுத்த எடுப்பில் சேற்றில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். நாயகனுக்கு முகமே கிடையாது, மாவில் பிடித்த பொம்மை. வாளை ஓங்கினால் கனம் தெரியவில்லை, ஒட்டடை அடிப்பது போல இருந்தது. எதிரி ஒருவன் பாறைக்குள் இடுப்புவரை புதைந்து, அங்கிருந்தே கத்தியை வீசிக்கொண்டிருந்தான். திறன்கள் பக்கத்தைத் திறந்தால் பாதிக்கு மேல் 'விரைவில்' என்று எழுதியிருந்தது.

முதல் பாகத்தில் ஒரு நல்ல வாள் வேண்டுமென்றால் மலை ஏற வேண்டும். கிடைத்த வாளைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்துக்கொள்வார்கள். எதிரி ஓங்கும்போதே உருண்டு விலகத் தெரியாதவன் சாவான். செத்தவன் தன்னையே நொந்துகொள்வான், செய்தவனைத் திட்ட மாட்டான்.

இங்கே பெரியப்பா செத்தபோது செய்தவனைத்தான் திட்டினார். வம்சத்தோடு சேர்த்துத் திட்டினார்.

"நாங்களும் பாதியிலதான் வித்தோம். இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க பாதிக்கு ஒரு மானம் இருந்துச்சு."

"பெரியப்பா, ஒரு நிமிஷம்..." என்றாள் தம்பி மகள்.

"உங்கப்பன் இதைப் பாத்தானா? பாத்துட்டுமா சோறு இறங்குது அவனுக்கு?"

அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

ஓவியம் வரைகிற பெண் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலி வேலை பார்க்கிற நெட்டையன் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினான். தப்பு செய்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். பெரியப்பாவுக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

கடைசியில் பாலத்தின் மேல் ஒரு பூதம். அவரைத் திரும்பத் திரும்பக் கொன்றது. பிறகு, அவர் தொடுவதற்கு முன்பே கால் இடறிப் பாலத்திலிருந்து விழுந்து தானாகவே செத்தது. திரையில் 'வெற்றி' என்று வந்தது.

பெரியப்பா நாற்காலியைத் திருப்பினார்.

"இந்தச் சண்டையை எழுதினவன் எவனோ, அவனை வீட்டுக்கு அனுப்பு. வாசல் காவலுக்குக்கூட வெச்சுக்காதே. எங்கப்பா பேரு இதுல வராது."

தம்பி மகள் மற்றவர்களைப் பார்த்தாள். "எல்லாரும் போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க."

அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியப்பா, புதுசு அந்த நடு மேசையில இருக்கு. இது நம்ம முதல் பாகம். முதமுதல்ல பாதியில வித்தீங்களே, அது. இந்தச் சேத்து நிலம் வேண்டாம்னு வாங்கினவங்க சண்டை போட்டாங்க. அப்புறம் நீங்களேதான் தூக்கிட்டீங்க."

பெரியப்பா திரையைப் பார்த்தார். முகமில்லாத பொம்மை மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதன் சண்டையை எழுதியவன் யார் என்று இனி ஒருவரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கைக்குட்டையை எடுத்துக் கன்ட்ரோலரைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"நல்லவேளை, கதவைச் சாத்தினே," என்றார். "நமக்குள்ள இருக்கட்டும். அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

அவள் மேசையின் விளிம்பைத் தடவினாள்.

"இந்த மேசை எதுக்கு இருக்குன்னா பெரியப்பா... வேலைக்குப் புதுசா யார் சேந்தாலும் முதல் நாள் இங்க உக்கார வெச்சு இதைத்தான் விளையாடச் சொல்லுவோம். பயம் போகட்டும்னு."

பெரியப்பா எழுந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்து போய்த் தாழ்ப்பாளைத் தானே திறந்தார்.

ஐந்து பேரும் கதவை ஒட்டியே நின்றிருந்தார்கள். ஒருவர் கையிலும் காபி இல்லை.

"பேரைப் போட்டுக்கோங்க," என்றார்.

நடு மேசைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.