ரிவால்வருக்கு ஓர் அலமாரி

ராமபத்ரன் பாதி ஆயுள் தேடிய வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர், கடைசியில் மட்டாஞ்சேரிப் பழம்பொருள் கடையில் கிடைத்தது. லைசென்ஸை அலைந்து வாங்கியவர், அதற்கென்றே தேக்கில் கண்ணாடி அலமாரியும் செய்தார்.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல இன்றும் அதை மடியில் வைத்து மெல்லத் துடைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த சுதீர் கொட்டாவி விட்டான். "போதும் ஸ்வாமி. சாயா ஆறிப்போகுது."

"இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

"துடைச்சுத் துடைச்சே தேஞ்சுபோயிடும்."

"கார்ப்பரேஷன் எலெக்ஷன்தான் முடிஞ்சாச்சே. ஆத்துக்கு எடுத்துண்டு போகட்டுமா?"

"அசெம்ப்ளி எலெக்ஷன் வருதே. அது முடியிறவரை துப்பாக்கியெல்லாம் எங்ககிட்டதானே இருக்கணும்?"

சுதீர் ரிவால்வரை வாங்கி, ஸ்டேஷன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, போலீஸ் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

ராமபத்ரன் வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"நீலா, அந்த அலமாரியில நீ ஊறுகாயே வெச்சுக்கோ."