அப்பாவின் ரேகை

"சம்மதக் கடிதத்துல இருக்கிறது இவ அப்பா ரேகை இல்ல சிஸ்டர். இவளே வச்சுக்கிட்டா. என் கண்ணால பார்த்தேன்."

மரியபுஷ்பம் சொல்லி முடித்ததும் வகுப்பே சந்தனமேரியைத் திரும்பிப் பார்த்தது.

ஏலப்பாறை மடத்திலிருந்து ஸ்பெயினுக்கு நர்ஸ் படிப்புக்கு ஐந்து பேருக்குத்தான் இடம். மரியபுஷ்பம் ஆறாவது. பட்டியலில் ஒரு பேரை அடித்தால்தான் அவளுக்கு வழி.

ஸ்பானிஷ் சொல்லித் தரும் சிஸ்டர் பிலார் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். கரும்பலகையில் அன்றைய பாடம். 'நான் உடைத்தேன்' என்றால் வெறும் சேதி. 'உடைத்தது நான்தான்' என்றால், வேறு ஆளைத் தேடாதே என்று பொருள். அந்த அழுத்தம் ஸ்பானிஷிலும் உண்டு, நம் பேச்சைப் போலவே.

"ரேகை வைத்தது யார்?"

சந்தனமேரி எழுந்தாள். "ஃபுயி யோ." தமிழிலும் சொன்னாள். "வச்சது நாந்தான் சிஸ்டர்."

பாடத்தில் அவள் கெட்டிக்காரி. தப்பே இல்லை.

"ஏன்?"

சந்தனமேரி கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் பட்டியலில் அவள் பேரை அடித்தார்.

"பெத்த அப்பனையே ஏய்ச்சவ. இவ சீக்காளியப் பார்ப்பாளாக்கும்," என்றது பின்வரிசை.

சாயங்காலம் மகளைக் கூட்டிப் போக மிக்கேல் வந்தார். தோளில் துண்டு, முகத்தில் சிரிப்பு. வாசலில் நின்ற மரியபுஷ்பத்திடம், "இவளுக்குப் பதிலா நீதான் போறியாமே தாயி. நல்லபடியா போயிட்டு வா," என்றார்.

தூரதேசம் போகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை போடுவது வழக்கம். மரியபுஷ்பம் தானாகவே குனிந்தாள்.

விரல் வரவில்லை. நிமிர்ந்தாள்.

சட்டைக் கை இரண்டும் முழங்கைக்குக் கீழே வெறுமனே தொங்கின.

"தேயிலை மிஷின்ல போச்சும்மா. வருசம் ஒண்ணாச்சு."

மரியபுஷ்பம் பக்கத்தில் நின்ற சந்தனமேரியிடம் திரும்பினாள். "ஏட்டி... இதை நீ சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா? கையில்லாத அப்பனை யாரு பாத்துக்குவான்னு கேட்டு அன்னைக்கே பேரை அடிச்சிருப்பாங்க. படிச்சு வேலைக்குப் போயி அனுப்புற சம்பளத்துலதான் அப்பாவைப் பாத்துக்க ஆள் வைக்கணும்னு இருந்தேன்."

"அவ வாழப் போற பிள்ளை, வெறும் நெத்தியோட அனுப்பாத மேரி. எனக்குப் பதிலா நீ போட்டு விடு," என்றார் மிக்கேல்.

சந்தனமேரி கிட்டே வந்தாள். பிறகு, தன்னைக் காட்டிக் கொடுத்தவளின் நெற்றியில் கட்டைவிரலை வைத்தாள்.