பின்வாசல் பூட்டு

தரையில் சாக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள்.

மேனேஜர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் மளிகை வரும், அந்தப் பக்கம் சோப்பும் பாத்திரமும் வரும் என்றார். புதிதாக வேலைக்கு எடுத்த பெண்கள் அவர் பின்னாலேயே போனார்கள். அடுத்த வாரம் சூப்பர்மார்க்கெட் திறப்பு.

அவர்களில் ஒருத்தி மட்டும் கோடுகளைப் பார்க்கவில்லை.

சுவரெல்லாம் வெள்ளை பெயிண்ட். நெருப்புப் பிடித்த கட்டடம் என்று யாராலும் சொல்ல முடியாது.

முன்பு இது ஜவுளிக்கடை. இந்த மாடியில்தான் சேலைகள். அவள் தங்கை முப்பிடாதி இங்கேதான் நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை பிரித்துப் போட்டாள்.

கீழே தீப்பிடித்த அன்று முன்படிக்கட்டு முழுக்கப் புகை. பெண்கள் பின்கதவுக்கு ஓடினார்கள்.

பூட்டியிருந்தது. சேலை அந்த வழியாக வெளியே போய்விடும் என்று முதலாளிக்குச் சந்தேகம்.

கதவை அறுத்துத் திறந்தபோது ஒருத்தி மேல் ஒருத்தி கிடந்தார்கள். முப்பிடாதிக்கு முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும். அதை வைத்துத்தான் இவள் அடையாளம் சொன்னாள்.

வேலை வேண்டித்தான் இன்று வந்தாள். எந்தக் கட்டடம் என்று வீட்டில் சொல்லவில்லை.

மேனேஜர் பின்கதவின் முன்னால் நின்றார். புது இரும்புக் கதவு. பையிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்தார்.

"இது எப்பவும் பூட்டித்தான் இருக்கும். சாமான் இந்த வழியா போயிரக் கூடாது பாருங்க."

"ஆள் உள்ள இருக்கையில பூட்டாதீங்க சார்" என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ வேலைக்கு வந்தியா, வாஸ்து பாக்க வந்தியா?"

பெண்கள் சிரித்தார்கள். ரெட்டைச் சடை போட்ட சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எந்தங்கச்சி இங்கனதான் கெடந்தா."

சிரிப்பு நின்றது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

மேனேஜர் முகத்தில் கொஞ்சம்கூட மாற்றமில்லை.

"அது பழைய கடை. கேஸும் முடிஞ்சு போச்சு. இதையே பேசிட்டு இருக்கணும்னா கீழ எறங்கிப் போயிரு. உன் எடத்துக்கு ஆளா இல்ல?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கொண்டாங்க சார். நானே போடுதேன்."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்று பூட்டைக் கொடுத்தார். சாவிகள் அதிலேயே தொங்கின.

அவள் கதவைத் திறந்தாள். பின்படிக்கட்டில் இறங்கினாள். அவசரப்படவில்லை.

சந்தில் திறந்த சாக்கடை ஓடியது. கறுப்பாக, ஆழமாக. பூட்டைச் சாவியோடு அதில் போட்டாள். அது முழுகும்வரை நின்று பார்த்தாள்.

மறுபடி மேலே ஏறி வந்தாள். கதவைச் சாத்தவில்லை. வாசலின் நடுவில் நின்றுகொண்டாள்.

"எங்கடி பூட்டு?"

"வேற வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நான் இங்கதான் நிப்பேன்."

அவர் போனை எடுத்தார். யாரிடமோ கத்தினார். போலீஸ் என்றார், பைத்தியம் என்றார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பேசி முடித்துவிட்டு அவர் மற்ற பெண்களை முறைத்தார்.

"வேலை வேணுங்கிறவங்க எல்லாம் என்கூடக் கீழ வாங்க."

ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெட்டைச் சடைக்காரி மட்டும் தயங்கினாள். அவளை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டி, பின்படிக்கட்டில் இறங்கினாள். சந்துவரை போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். திரும்ப மேலே வந்தாள்.

"ரோட்டுக்குப் போகுதுக்கா" என்றாள் மெதுவாக.

கீழேயிருந்து மேனேஜர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

இன்னொரு முறையும் கூப்பிட்டார்.