அவங்களே சொல்லட்டும்

"மருந்து தட்டுப்பாடு உண்டா சார்?"

"இல்ல. எழுதிக்கோ."

"ரொம்ப நேரம் காக்க வைக்கிறாங்களா?"

"இல்லமா."

முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவ வசதி பற்றிய ஆய்வுக்காக மண்ணூர்பேட்டைக்கு வந்திருந்த ரேஷ்மாவுக்கு அலுத்துப்போனது. ஓய்வுபெற்ற ஹவில்தார் எத்திராஜ் இருபது கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"ஒரு குறைகூடவா இல்ல?"

"பட்டாளத்துல உடம்புக்கு முடியலன்னு போய் நின்னா, டிமிக்கி குடுக்கறான்னு சிரிப்பானுங்கமா. இருபத்திநாலு வருசம், ஒரு நாள் நான் போய் நின்னதில்ல." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"குடும்பத்துக்கும் சில கேள்வி இருக்கு சார். உங்க வீட்டம்மாவுக்கு ஏதாவது தொந்தரவு...?"

"சாமுண்டிக்கா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல." பதில் பட்டென்று வந்தது.

ரேஷ்மா பேனாவை மூடினாள். "எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொன்னா எப்படி சார்? கூப்பிடுங்க, அவங்களே சொல்லட்டும்."

எத்திராஜின் தோள்கள் தளர்ந்தன.

"டாக்டரும் இதையேதாம்மா சொன்னாரு. வவுத்து வலின்னு அவ வாயெடுக்கறதுக்குள்ள, 'ஒண்ணும் இல்ல சார்'னு நான் முந்திக்கினேன். அவளும் என் மூஞ்சியப் பாத்துட்டுத் தலையாட்டிட்டா. அப்பால கண்டுபுடிச்சப்ப நோவு முத்திப்பூட்ச்சு."

ரேஷ்மா கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ போயி மூணு மாசம் ஆவுது. இப்பக்கூட பாரு, அவளுக்கு நான்தான் பதில் சொல்லிகினு கீறேன்."